மலைநாட்டு ஈரத்துக்கு எந்த மை? – வாசகர் கேள்வி பதில்

கடந்த இதழில், மைப்பேனையால் எழுதும் வழக்கம் நம் பிள்ளைகளிடையே மீண்டும் தலையெடுத்து வருவதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எந்தப் பேனையை வாங்குவது என்றே கேட்கின்றன. எந்த மையை ஊற்றுவது என்று கேட்டவர்கள் சிலரே. ஆண்டின் பெரும்பகுதி மழையிலும் பனிமூட்டத்திலும் கழியும் நமது ஊர்களில் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தாளில், எங்கே, எதற்காக எழுதுகிறோம் என்று பார்த்து முதலில் மையைத் தீர்மானிக்க வேண்டும். அந்த மைக்குப் பொருந்தும் பேனையைப் பிறகு தேடிக்கொள்ளலாம். கீழேயுள்ள பதில்கள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கொழுந்து மடுவத்தில் தூறலிலும் பனியிலும் நின்றபடி எடை குறிக்க வேண்டியிருக்கிறது. ஆசையாக வாங்கிய மைப்பேனையின் நீல எழுத்து, ஈரக்கை பட்டாலே கரைந்து ஓடிவிடுகிறது. குமிழ்முனைப் பேனைக்கே திரும்பிவிட வேண்டியதுதானா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: திரும்ப வேண்டியதில்லை, மையை மட்டும் மாற்றினால் போதும். நீங்கள் பயன்படுத்துவது கழுவினால் போய்விடும் வகையைச் சேர்ந்த நீல மையாக இருக்க வேண்டும். பார்க்கர் குயிங்க் நீலம், பெலிக்கன் 4001 ரோயல் நீலம் ஆகியன இவ்வகையில் பலரும் அறிந்தவை. பாடசாலைப் பிள்ளைகளின் உடுப்பில் பட்டால் சலவையில் போய்விடும் என்பது இவற்றின் நல்ல குணம். அந்த நல்ல குணமே உங்கள் மடுவத்தில் கேடாக முடிகிறது. நீரில் கரைந்த சாயம் தாளின் மேல் காய்ந்து கிடக்கிறதே தவிர, தாளின் நாரோடு இறுகப் பிணைவதில்லை. ஆகவே மறுபடி ஈரம் பட்டதும் அது கரைந்து புறப்பட்டுவிடுகிறது.

உங்கள் வேலைக்குப் பொருந்துவது இரும்பு மை. மரங்களில் உண்டாகும் மாசிக்காயிலிருந்து பெறப்படும் துவர்ப்பு அமிலத்தையும், நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்ற பெயரில் கிடைக்கும் பெரசு சல்பேற்றையும் சேர்த்துப் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் செய்யப்பட்டு வந்த மையின் இன்றைய, மென்மையாக்கப்பட்ட வடிவமே அது. போத்தலில் இருக்கும்வரை அது தெளிந்த கரைசலாக இருக்கும்; தாளில் பட்டு, வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்ததும், நீரில் கரையாத கறுப்புச் சேர்வையாக மாறி நாருக்குள்ளேயே படிந்துவிடும். எழுதும்போதே வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நீலச் சாயமும் கலக்கப்படுகிறது. காலையில் நீலமாக எழுதிய கணக்கு மறுநாள் கருத்திருப்பதும், எழுத்தின்மேல் நீர் சிந்தினால் நீலம் மட்டும் கழன்று போய்ச் சாம்பற்கறுப்பு வரி அப்படியே நிற்பதும் இதனால்தான்.

பெலிக்கன் 4001 நீலக்கறுப்பு, பிளாட்டினம் நீலக்கறுப்பு, இங்கிலாந்தில் தயாராகும் டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் மை ஆகிய மூன்றும் இரும்பு மைகள். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவேடுகளை எழுதுவதற்கென்று அந்நாட்டில் இவ்வகை மையையே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து அதன் நிலைப்பை நீங்கள் மதிப்பிட்டுக்கொள்ளலாம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று குயிங்க் நீலக்கறுப்பையும் இந்த வகையில் சேர்த்துவிட வேண்டாம். அது வெறும் சாய மை.

இரும்பு மைக்கு நமது சூழலில் இன்னொரு பயனும் உண்டு. சி.ஆர். கொப்பிகளின் தாள் மெல்லியது. மலைநாட்டு ஈரலிப்பை உறிஞ்சிய பிறகு அது மேலும் தளர்ந்துவிடுகிறது. அதில் சாய மையால் எழுதினால் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் மயிரிழைகள் கிளம்பிப் பரவுவதையும், பின்பக்கத்தில் எழுத்து நிழலாகத் தெரிவதையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரும்பு மை பொதுவாக இவ்வளவு பரவாது. மலிவான தாளிலும் அதன் வரி ஒழுங்காக நிற்கும்.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. பிளாட்டினம் கார்பன் கறுப்பு போன்றவற்றில் மிக நுண்ணிய கரித்துகள்கள் மிதக்கின்றன. காய்ந்த பிறகு நீரால் அவற்றை அசைக்க முடியாது. ஆனால் அதே உறுதியோடு பேனைக்குள்ளும் காய்ந்துவிட்டால் அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு. நாள் தவறாமல் எழுதுபவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன். சித்திரம் வரைவதற்கென்று விற்கப்படும் இந்தியன் இங்க் இதனினும் வேறு. அரக்குப் பசை சேர்ந்த அந்த மையையும் முத்திரை மையையும் எந்தக் காரணத்துக்காகவும் மைப்பேனையில் ஊற்றக் கூடாது.

இனிப் பேனை. மெல்லிய முனையும் இறுக்கமான மூடியும் உள்ளதாக இருந்தால் போதும். பிளாட்டினம் பிரெப்பி என்ற எளிய பிளாஸ்டிக் பேனையின் மூடிக்குள் சுருளால் அழுத்தப்படும் உள்மூடி ஒன்று இருப்பதால், பல நாள் எழுதாமல் வைத்தாலும் முனை காய்வதில்லை. விலையும் கையைக் கடிக்காது. இரும்பு மை சற்று அமிலத்தன்மை உடையது என்பதால் மாதம் ஒருமுறையாவது பேனையைத் தண்ணீரில் அலசுங்கள். ஒற்றுத்தாள் ஒன்றையும் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலும் ஈரத்திலும் எந்த மையும் கொழும்பில் காய்வதைவிட மெதுவாகவே காயும்.

கேள்வி: கொழும்பில் படிக்கிறேன். விடுமுறைக்கு நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வந்து இறங்கிப் பார்த்தால், பயணப் பையிலிருந்த பேனையின் மூடிக்குள் மை நிறைந்து கிடக்கிறது. திரும்பிப் போகும்போது இப்படி ஆவதில்லை. பேனையில் வெடிப்பு இருக்குமா?
– மாணவர், நுவரெலியா

பதில்: போகும்போது கசிவதில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் வெடிப்பு இல்லை என்று கொள்ளலாம். இது வளியமுக்கத்தின் வேலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மைத்தாங்கியில் மைக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்று, மலையேற ஏற, தன் பருமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விரிகிறது. முனை கீழ்நோக்கியோ கிடையாகவோ இருந்தால், அந்தக் காற்று வெளியேற வழியின்றித் தனக்கு முன்னால் இருக்கும் மையைத் தள்ளிவிடுகிறது. முள்ளுக்கு அடியிலிருந்து அதற்கு மையைக் கொண்டுவரும் நாக்குக்கட்டையில் சீப்பின் பற்களைப் போல வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் இந்த மிகையான மையை ஓரளவு ஏந்திக்கொள்வதற்கென்றே உள்ளன. அவையும் நிரம்பிவிட்டால் மீதி மூடிக்குள் இறங்கிவிடும். இறக்கத்தில் காற்று சுருங்குவதால் வெளியிலிருந்து காற்று உள்ளே போகுமே தவிர, மை வெளியே வராது.

காற்று குறைவாக இருந்தால் விரிவும் குறைவு. ஆகவே புறப்படும்முன் மையை முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது முழுவதும் வெறுமையாக்கிக்கொள்ளுங்கள்; பாதி மையோடு மலையேறுவதுதான் தொல்லை. அதோடு பயணம் முழுவதும் முனை மேல்நோக்கி இருக்கும்படி பேனையை நிறுத்தி வைத்தால், விரியும் காற்று மையைத் தொடாமல் நேரே வெளியேறிவிடும். பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் படுக்க வைப்பவர்கள், பேனையை மட்டுமாவது எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம்.

உடலுக்குள் நேரடியாகத் துளிக்குழாயால் மை ஊற்றும் பேனைகளை வைத்திருப்பவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் மை மிக அதிகம் கொள்ளும். தீரத் தீரக் காற்றும் அதே அளவு அதிகமாகும். குளிர்ந்த காலையில் பேனையைக் கையில் எடுத்ததும் விரல்களின் சூடே உள்ளிருக்கும் காற்றை விரியச் செய்து, தாளில் ஒரு பெருந்துளியைச் சொட்ட வைத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மை எஞ்சியிருக்கும்போதே மறுபடி நிரப்பிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

கேள்வி: தமிழ் கற்பிக்கும் ஆசிரியை நான். நடுத்தர முனையுள்ள லாமி சஃபாரி ஒன்றை வாங்கினேன். ஆங்கிலம் அழகாக வருகிறது; தமிழ் எழுதினால் எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுப் போகின்றன. என் கையெழுத்தில் குறையா, பேனையிலா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இரண்டிலும் குறை இல்லை, உங்கள் எழுத்தின் அளவுக்கு அந்த முனை அகலமானது, அவ்வளவுதான். ண, ன, ஞ, இ, ஐ போன்ற எழுத்துகளில் சிறிய இடத்துக்குள் கோடு பல முறை வளைந்து திரும்ப வேண்டியிருக்கிறது. கொப்பியின் கோடுகளுக்கு நடுவே அடக்கி எழுதும்போது, சுழியின் உள்வெளி முனையின் அகலத்தைவிடக் குறுகிவிட்டால் மை அதை மூடிவிடும். அப்போது மாணவருக்கு ண, ன வேறுபாடு தெரியாமல் போகும். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. அகன்ற முனையைத் தொட்டு எடுத்த இடத்தில் மை குளம் கட்டி, புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும்.

கடையில் பேனையைச் சோதிக்கும்போது நம்மவர்கள் வழக்கமாகக் கையொப்பம் இட்டுப் பார்க்கிறார்கள். கையொப்பத்தில் எந்த முனையும் அழகாகவே தெரியும். அதற்குப் பதிலாக, நீங்கள் அன்றாடம் எழுதும் அளவிலேயே ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதிப் பாருங்கள். நான்கு ணகரங்களின் சுழிகளும் திறந்திருந்து, மூன்று புள்ளிகளும் தனித்தனியே நின்றால் அந்த முனை தமிழுக்கு ஆகும்.

ஒரே குறியீடு எல்லா நாட்டிலும் ஒரே அகலத்தைக் குறிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பைலட், பிளாட்டினம், செயிலர் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் மெல்லிய முனை, ஐரோப்பிய மெல்லிய முனையைவிடப் பெரும்பாலும் ஒரு படி நுண்மையானது. நெருக்கமாக எழுதும் மொழியைக் கொண்டவர்கள் செய்த முனைகள் என்பதாலோ என்னவோ, தமிழுக்கு அவை மிக நன்றாகப் பொருந்துகின்றன. எனினும் உங்கள் சஃபாரியை ஒதுக்கிவிட வேண்டாம். அதன் முள்ளை மட்டும் கழற்றி மாற்ற முடியும். மிக மெல்லிய முள் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அதுவரை பெலிக்கன் 4001 போலச் சற்றுச் சிக்கனமாக இறங்கும் மையை ஊற்றினால், இருக்கும் முனையிலேயே கோடு கொஞ்சம் மெலியும். வினாத்தாள் திருத்தும் சிவப்பு மையை இந்தப் பேனையில் மாற்றி மாற்றி ஊற்றாமல், அதற்கென்று மலிவான வேறொரு பேனையை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தேயிலையிலிருந்து மை செய்ய விரும்புகிறோம். முடியுமா? அதை மைப்பேனையில் ஊற்றி எழுதிக் காட்டலாமா?
– மாணவிகள், தலவாக்கலை

பதில்: முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு வேண்டாம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் இரும்போடு சேரும்போது கருநிறச் சேர்வைகள் உண்டாகின்றன. துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் வினாகிரியில் ஊற வைத்து வடித்த நீரை, கடுஞ்சாயமாகக் கொதிக்க வைத்து வடிகட்டிய தேயிலைச் சாற்றில் துளித்துளியாக விட்டால், கண்ணெதிரே சாறு கறுத்துவிடும். பாத்திரத்தை மூடாமல் வைத்தால் வளி பட்டு மேலும் கறுக்கும். கருவேலம் பிசின் சிறிது சேர்த்தால் தாளில் ஓடாமல் நிற்கும்.

ஒப்பிட்டுக் காட்டுவதற்காகக் கடுக்காயிலும் ஒரு பங்கு செய்யுங்கள். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவது நம் முன்னோர் அறிந்த முறை. தேயிலையில் வருவதைவிட அதில் கறுப்பு அடர்த்தியாக வரும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, பாதியைச் சன்னலோரத்திலும் பாதியை மேசை அறைக்குள்ளும் வைத்து, கண்காட்சி நாளில் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு விளக்கம் எளிதாகும்.

ஆனால் இந்த மைகளில் கண்ணுக்குத் தெரியாத கசடும் பிசினும் இருக்கும். மைப்பேனையின் நாக்குக்கட்டையில் மை வரும் வழி மயிரிழை அளவே என்பதால், அது உடனே அடைபட்டுவிடும். தொட்டெழுதும் முள்ளோ, தூரிகையோ, சீவிய மூங்கில் குச்சியோ போதும். கைக்கும் மேசைக்கும் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கறை எளிதில் போகாது.

கேள்வி: அன்றாடம் எழுதத் தங்க முள் பேனை அவசியமா?
– வாசகர், மாத்தளை

பதில்: அவசியம் இல்லை. தாளைத் தொடுவது தங்கமும் அல்ல, உருக்கும் அல்ல. இரண்டின் நுனியிலும் ஒட்டப்பட்டிருக்கும் கடினமான உலோகக் கலவைத் துளியே. அது நன்றாகத் தீட்டப்பட்டிருந்தால் உருக்கு முள்ளும் வழுக்கிக்கொண்டு எழுதும். தங்கம் அமிலத்துக்கு அசையாது என்பது உண்மைதான். அந்த விலைக்கு நல்ல தாளும் சில போத்தல் மையும் வாங்கினால் உங்கள் எழுத்துக்கு அதைவிட அதிக நன்மை கிடைக்கும்.

கேள்வி: ஆறேழு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த மைப் போத்தலைத் திறந்தபோது, மேலே வெண்ணிறமாகப் பாசி போல ஒரு படலம் மிதந்தது; ஒரு மாதிரி முடை நாற்றமும் வந்தது. வடிகட்டிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது பூஞ்சணம். படலத்தை எடுத்தாலும் அதன் நுண்வித்துகள் மையில் இருக்கும். பேனைக்குள் போனால் நாக்குக்கட்டையின் பள்ளங்களில் வேர் பிடித்துவிடும். போத்தலோடு எறிந்துவிடுவதே சரி. அந்த மையை ஏற்கெனவே நிரப்பிய பேனை இருந்தால், இளஞ்சூட்டுக்கு மேல் போகாத நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தின் ஓரிரு துளியை விட்டுப் பல முறை உறிஞ்சி வெளியேற்றி, பிறகு வெறும் நீரில் அலசி, பகுதிகளைக் கழற்றி நன்றாக உலர விடுங்கள். கொதிநீரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

மை நிறுவனங்கள் பூஞ்சணத் தடுப்பான் சேர்த்தே மையை விற்கின்றன. குழாய்நீர் கலந்து மையைப் பெருக்கினால் அந்தத் தடுப்பானின் வலிமை குறைந்துவிடும். எழுதிக்கொண்டிருந்த பேனையை அப்படியே போத்தலுக்குள் தோய்ப்பதும், பேனையில் மீந்ததைத் திரும்ப ஊற்றுவதும் கிருமிகளை உள்ளே கொண்டுபோகும் வழிகள். பெரிய போத்தலிலிருந்து சிறிய குப்பியொன்றில் கொஞ்சம் எடுத்து வைத்து அதிலிருந்து நிரப்புங்கள். திறந்த தேதியைப் போத்தலின் அடியில் எழுதி ஒட்டுங்கள். ஹட்டனைச் சூழ்ந்த மேற்குச் சரிவில், மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று மழை ஓயும்வரை சுவரலமாரிகூட ஈரம் காத்துக் கிடக்கும். மைப் போத்தலைச் சுவரை ஒட்டி வைக்காமல், காற்றோட்டமுள்ள, வெயில் நேரே விழாத தட்டில் வையுங்கள். வெயில் பட்டால் சாயம் வெளிறிவிடும்.

கேள்வி: எங்கள் தாத்தா தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் பயன்படுத்திய பார்க்கர் 51 பேனை கிடைத்திருக்கிறது. முள் வெளியே தெரியவில்லை. நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. இதில் மறுபடி எழுத முடியுமா? என்ன மை ஊற்றுவது?
– வாசகர், பதுளை

பதில்: பெரும்பாலும் முடியும். 1941ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இந்தப் பேனையில், முள்ளை ஓர் உறைக்குள் மறைத்து வைத்தது காற்றுப் பட்டு மை காயாமல் இருப்பதற்காகவே. ஹீரோ 616 என்று நம்மவர் பலரும் அறிந்த சீனப் பேனையின் தோற்றம் இதிலிருந்து பிறந்தது.

முதலில் உடலை மெதுவாகத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உலோகக் கூடும், அதன் பக்கத்தில் விரலால் அழுத்தும் பட்டையும் இருந்தால் உங்களுக்கு நற்செய்தி: 1948 முதல் வந்த இந்த அமைப்பின் மைப்பை இறப்பரால் ஆனதல்ல, பல பத்தாண்டுகள் கெடாத ஒருவகைப் பிளாஸ்டிக். முனையை நீரில் அமிழ்த்தி, பட்டையை அழுத்தி விட்டு, நீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பழைய மை நாட்கணக்கில் கரைந்து வந்துகொண்டே இருக்கும். இடையிடையே இரவு முழுவதும் முனையை மட்டும் நீரில் நிறுத்தி வைக்கலாம். உடலின் அடிமூடியைக் கழற்றினால் அமுக்கும் தண்டு தெரியுமானால் அது முந்திய வகை. அதன் உள்ளிருக்கும் இறப்பர்ச் சவ்வை மாற்றாமல் எழுத இயலாது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள். குறடால் நெரித்துத் திறக்க முயல வேண்டாம்.

மையைப் பொறுத்தவரை, மஸ்கெலியா வாசகருக்குச் சொன்னதற்கு நேர்மாறானதை உங்களுக்குச் சொல்கிறேன். உறைக்குள் மறைந்திருக்கும் முள்ளையும் அதைச் சுற்றியுள்ள நுண்ணிய பள்ளங்களையும் கழற்றிச் சுத்தம் செய்வது வீட்டில் ஆகாத வேலை. ஆகவே இரும்பு மையும் கரித்துகள் மையும் இதற்கு வேண்டாம். குயிங்க் நீலம் போன்ற, நீரோடு நீராகக் கழுவப்பட்டுப் போகும் சாய மையே சரி. அந்த மையால் பத்திரங்களும் விண்ணப்பங்களும் எழுதாமல், கடிதமும் நாட்குறிப்பும் எழுதுங்கள்.